சித்தி லெப்பை: கதைக்கு வித்துக் கண்ட பெருமகன்

கதை எழுத விழையும் இளைஞர் முதலிற் கேட்கும் வினா, எதைப் பற்றி எழுதுவது என்பதே. எழுதும் முறையைக் கற்பிக்க நூல்கள் பல உண்டு. கருவைக் கண்டெடுக்கும் கண்ணையோ எந்நூலும் தந்துவிடுவதில்லை. அக்கண் வாய்க்கப்பெற்றோரின் வாழ்வைப் பயில்வதே அதற்கு வழி. அத்தகையோருள் ஒருவர் அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை.

1838ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்த இவர், தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். எனினும், வழக்கு மன்றத்தைக் காட்டிலும் சமூகத்தின் கல்விக் குறையே இவர் நெஞ்சை வருத்தியது. மதம் மாற நேருமோ என்னும் அச்சத்தால் முஸ்லிம்கள் ஆங்கிலப் பள்ளிகளை ஒதுக்கியிருந்த காலம் அது. அவ்விருளை நீக்கக் கருதி, 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார்.

அடுத்த மாதமே வரலாறு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற அறபி பாஷா, தம் தோழர்களுடன் 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டார். சித்தி லெப்பை அவருக்கு உற்ற நண்பரானார். இரண்டாண்டு கழித்து, 1885இல், 'அசன்பே சரித்திரம்' வெளியாயிற்று. ஈழத்து முதல் தமிழ் நாவல் எனப் பலரும் கொள்வது இதுவே. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறே ஆண்டுகள் சென்றிருந்தன.

எகிப்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று களவாடப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, முடிவில் தன் குலத்தை அறிவதே அக்கதை. இங்கு ஒன்று நோக்கத்தக்கது. ஆசிரியர் அறபி பாஷாவின் போரைக் கதையாக்கவில்லை. தாய்நாட்டைப் பிரிந்தோரின் துயரத்தை அண்மையில் கண்டவர், பிறந்த மண்ணை இழந்த ஒரு சிறுவனைப் படைத்தார். செய்தி இதழுக்குச் சென்றது. அதன் உள்ளே இருந்த ஏக்கம் கதைக்கு வித்தாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். காப்பியமும் கிஸ்ஸாவும் பாடிய மரபில் வந்தவர், புதிய கருவுக்குப் புதிய உரைநடையைத் தேர்ந்தமையும் துணிவேயாகும்.

பின்னர் பெண் கல்விக்கும் உழைத்தார். 1892இல் மருதானையில் மலர்ந்த ஸாஹிறாக் கல்லூரிக்கு வித்திட்டோருள் இவரும் ஒருவர். 1898இல் மறைந்தார்.

இன்று கிழக்குக் கரையில், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர் கருவுக்காக எகிப்துவரை செல்ல வேண்டியதில்லை. 2013இல் அவ்வூரில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் தூர்த்தது. அயலே கரையைக் கடல் அரித்தது. தென்னையும் காணியும் இழந்தோர் உண்டு. தோணியைக் கரையேற்ற இடந்தேடி அலைந்தோரும் உண்டு. இவை நாளிதழுக்குச் செய்திகள். நேற்றுவரை தன் வளவாக இருந்த மண் கடலாகிவிட்டதை நோக்கி நிற்பவனின் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது? செய்தி முடியும் அவ்விடத்தில் தொடங்குவதன்றோ கதை! சித்தி லெப்பையின் வாழ்வு எழுத்தாளருக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.