மதுரை வைத்தியநாத ஐயர்

அறத்தை எடுத்துரைப்பார் பலர். அதன்பொருட்டு உற்றாரின் பகையையும் ஏற்பார் மிகச் சிலரே. மதுரை வைத்தியநாத ஐயர் அச்சிலருள் ஒருவர்.

அவர் 1890ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து விஷ்ணம்பேட்டையில் பிறந்தார். மதுரையில் வழக்கறிஞராய் விளங்கினார். 1930இல் திருச்சிராப்பள்ளியினின்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்து சென்று நிகழ்த்திய வேதாரணிய உப்பு அறப்போரில் அவரும் பங்குகொண்டார். நாட்டின் விடுதலையை விழைந்த அவருள்ளம், நம்மவருள்ளேயே ஒரு சாரார் தீண்டத்தகாதார் எனப்பட்டுக் கோயிலுக்குப் புறத்தே நிற்பது கண்டு வருந்தியது. தமிழ்நாடு அரிசன சேவா சங்கத் தலைவராய் அவர்களுக்குத் தொண்டாற்றினார். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியினரான கக்கனை மகனெனப் பேணினார்.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் ஐவரையும், அந்நாளில் அவ்வாறே தடுக்கப்பட்டிருந்த நாடார் குலத்தவர் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுட் புகுந்து வழிபட்டார். அர்ச்சகர் சிலர் பூசை செய்ய மறுத்தனர். தம் குலத்தார் பலர் அவரை ஒதுக்கினர். ஐயரோ கலங்கினாரல்லர். ஆலய நுழைவுக்குத் துணைநின்றோரைக் காக்கும் சட்டம் அவ்வாண்டே இயற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டம், சென்னை மாகாணத்துக் கோயில்களில் இந்துக்கள் யாவரும் வழிபடும் உரிமையை நிலைநாட்டியது.

ஐயர் 1955இல் மறைந்தார். கக்கன் பின்னர் மாநில அமைச்சராய் உயர்ந்தார். நம் ஊரில் ஒருவர் விலக்கப்படுங்கால், அவர் கைபற்றி உடன் நிற்றலே ஐயர் காட்டிய நெறியாகும்.