பிரான்செசுகோ ரெடி

பிரான்செசுகோ ரெடி (பெப்ரவரி 18, 1626 – மார்ச் 1, 1697) இத்தாலி நாட்டு மருத்துவரும் இயற்கை ஆய்வாளரும் கவிஞரும் ஆவார். அழுகும் இறைச்சியில் புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் இவரே. உயிரியலில் கட்டுப்பாட்டுச் சோதனை முறையைத் தெளிவாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

ரெடி, தசுக்கானிப் பகுதியிலுள்ள அரெசோ நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பீசா பல்கலைக்கழகத்தில் பயின்று 1647 இல் பட்டம் பெற்றார். பின்னர் புளோரன்சு நகரில் மெடிச்சி அரச குடும்பத்தின் மருத்துவராகி, இரண்டாம் பெர்டினாண்டோ, மூன்றாம் கோசிமோ ஆகிய இரு கோமகன்களிடம் பணியாற்றினார். சோதனை வழியாக இயற்கையை ஆராய்ந்த சிமெந்தோ கழகத்திலும் இவர் பங்கு பெற்றார்.

பாம்பு நஞ்சு ஆய்வு

விரியன் பாம்பின் பித்தநீரே நஞ்சு என்ற கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. நச்சுப் பற்களை மூடியுள்ள உறையிலிருந்து வெளிப்படும் மஞ்சள் நிற நீர்மமே நஞ்சு என்று ரெடி 1664 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதனை விழுங்குவதால் தீங்கு நேர்வதில்லை என்றும், காயத்தின் வழியே குருதியில் கலக்கும்போதே உயிருக்கு ஆபத்து என்றும் காட்டினார்.

புழுக்கள் பற்றிய சோதனை

உயிரற்ற பொருட்களிலிருந்து சிற்றுயிர்கள் தாமே பிறக்கின்றன என்பது அரிசுட்டாட்டில் காலம் முதல் நிலவிய நம்பிக்கை. இது தான்தோன்றிக் கொள்கை எனப்படும். இறைச்சியில் காணப்படும் புழுக்கள் கூட்டுப்புழுக்களாகிப் பின் ஈக்களாக மாறுவதை ரெடி கண்டார். ஆகவே அப்புழுக்கள் ஈக்களின் முட்டைகளிலிருந்தே வந்திருக்க வேண்டும் என ஐயுற்றார்.

இதனை உறுதி செய்ய, நான்கு குடுவைகளில் முறையே பாம்பு, மீன், விலாங்கு, கன்றிறைச்சி ஆகியவற்றை இட்டு வாயை இறுக மூடினார். அதே பொருட்களைக் கொண்ட வேறு நான்கு குடுவைகளைத் திறந்தே வைத்தார். ஈக்கள் சென்றுவந்த திறந்த குடுவைகளில் புழுக்கள் தோன்றின. மூடியவற்றில் இறைச்சி அழுகியபோதிலும் புழுக்கள் தோன்றவில்லை.

மூடிய குடுவையில் காற்று புகாததே காரணம் என்று மறுப்புக் கூற இடமிருந்தது. எனவே ரெடி மெல்லிய வலைத்துணியால் வாயை மூடி மீண்டும் சோதித்தார். இப்போது காற்று உட்புகுந்தது. ஈக்களால் மட்டும் நுழைய முடியவில்லை. இம்முறையும் இறைச்சியில் புழுக்கள் இல்லை. ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒத்திருக்கும்போதுதான் வேறுபட்ட அந்த ஒன்றே காரணம் எனத் துணிய முடியும் என்பதற்கு இச்சோதனை இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. இதன் விவரங்கள் 1668 இல் நூலாக வெளிவந்தன.

வரம்புகள்

ரெடி தான்தோன்றிக் கொள்கையை முழுவதுமாகக் கைவிடவில்லை. ஓக் முதலிய மரங்களின் கழலை போன்ற புடைப்புகளில் வாழும் பூச்சிகளை, மரத்தின் உயிராற்றலே பிறப்பிக்கிறது என நம்பினார். இறைச்சியில் செய்தது போன்ற ஒப்பீட்டுச் சோதனை எதுவும் இந்த நம்பிக்கைக்கு அடிப்படையாக இருக்கவில்லை. பூச்சிகள் இடும் முட்டைகளாலேயே அப்புடைப்புகள் உண்டாகின்றன என்பதை மார்செல்லோ மால்பிகி 1679 இல் காட்டினார். நுண்ணுயிர்கள் கண்டறியப்பட்ட பின் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. 1860களின் தொடக்கத்தில் லூயி பாசுச்சர் செய்த சோதனைகளுக்குப் பிறகே அது பெரும்பாலும் ஓய்ந்தது.

பிற பணிகள்

விலங்குகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகள் பற்றி ரெடி 1684 இல் எழுதிய நூல் ஒட்டுண்ணியியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாகும். தட்டைப்புழுக்களின் இளம் பருவங்களுள் ஒன்று இவர் நினைவாக ரெடியா எனப்படுகிறது. தசுக்கானியின் திராட்சை மதுவகைகளைப் பாடும் இவரது நெடுங்கவிதை 1685 இல் வெளியானது.

ரெடி 1697 இல் பீசா நகரில் காலமானார். இவரது உடல் பிறந்த ஊரான அரெசோவில் அடக்கம் செய்யப்பட்டது.