வேதாகமத்தைத் தமிழாக்கிய சைவ வாத்தியார்

ஆறுமுக நாவலரை நான் முதலில் அறிந்தது சைவநெறிப் பாடநூலில்தான். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம், சைவத்தைக் காத்த பெரியவர். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அவர் கிறிஸ்தவ வேதாகமத்தைத் தமிழாக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவர் என்பதை எங்கள் வகுப்பு ஒரு வரியில் கடந்து போனது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

1822 டிசெம்பர் 18 இல் நல்லூரில் பிறந்தார். தந்தை கந்தர், தாய் சிவகாமி. சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் இலக்கண இலக்கியம் கற்றார். ஆங்கிலத்துக்கு மட்டும் அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒரே வழிதான் இருந்தது: மிஷன் பாடசாலை. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 இலும் அமெரிக்க மிஷனரிமார் 1816 இலும் வந்திறங்கியிருந்தார்கள். பாடசாலை, அச்சகம், வைத்தியம் எல்லாம் அவர்கள் கையில். ஆங்கிலம் வந்தால் அரச உத்தியோகம் வரும். ஆங்கிலம் வேண்டுமென்றால் வேதபாடமும் படிக்க வேண்டும். சைவ வீட்டுப் பிள்ளைகள் காலையில் திருநீறு பூசி, பாடசாலை வாசலில் அதை அழித்துவிட்டு உள்ளே போன காலம் அது.

அந்த வாசலைத் தாண்டிப் போனவர்களில் ஆறுமுகமும் ஒருவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் பாடசாலையில் (பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி) படித்து, அங்கேயே ஆசிரியரானார். வேதாகமத்துக்குப் புதிய தமிழ் மொழிபெயர்ப்புச் செய்ய முனைந்த பேர்சிவலுக்கு வலது கையாக இருந்தவர் அவர்தான். மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அவர் மதம் மாறவில்லை, பேர்சிவலும் வற்புறுத்தவில்லை. சமயத்தால் எதிரெதிரே நின்ற இருவர் ஒரு மேசையில் அமர்ந்து சொல்லுக்குச் சொல் விவாதித்த அந்த வருடங்களை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏன் இவ்வளவு வேகமாகத் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

1847 இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் தொடங்கினார். புராணம் படித்துப் பொருள் சொல்வதுதான் கோயில் வழக்கம். பொருளொன்றை எடுத்துக்கொண்டு, கிழமைக்குக் கிழமை, கேட்பவரை நோக்கி நேராகப் பேசும் முறை மிஷனரிமாருடையது. அதை அவர் கோயிலுக்குள் கொண்டுவந்தார். 1848 இல் வேலையை விட்டார். அதே வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அரசு உதவி மிஷன் பாடசாலைகளுக்குப் போயிற்று. இவருடையது நீண்ட காலம் அது இல்லாமலே நடந்தது. அவர் திருமணம் செய்யவில்லை.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சகம் வேண்டும். 1849 இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். நாவலர் என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது அந்தப் பயணத்தில்தான். பாலபாடம், பெரியபுராண வசனம், சைவ வினாவிடை என்று வரிசையாக வந்தன. வினாவிடையைக் கவனியுங்கள். கேள்வி, பதில், மனப்பாடம்: கிறிஸ்தவ ஞானோபதேச நூலின் அதே அமைப்பு. 1854 இல் எழுதிய சைவதூஷண பரிகாரம் இன்னொரு படி மேலே போகிறது. சைவரின் கோயில் கிரியைகளைப் பழித்தவர்களுக்கு, பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலரின் ஆலய வழிபாட்டையே எடுத்துக்காட்டி அதில் பதில் சொன்னார். வேதாகமத்தை அவ்வளவு நெருக்கமாகப் படித்திராத ஒருவரால் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்க முடியாது.

1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை திறந்தார். தமிழ்ப் பாடசாலை மட்டும் போதாது என்று 1872 இல் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கில வித்தியாசாலை தொடங்கினார். திருநீற்றை அழிக்காமல் ஆங்கிலம் படிக்க ஓரிடம். பணம் போதாமல் சில வருடங்களில் அது மூடப்பட்டது. 1870களின் பிற்பகுதியில் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்தார். 1879 டிசெம்பர் 5 இல் இறந்தார்.

அவர் திறந்த பாடசாலைக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. அவருடைய சைவ ஒழுக்கம் சாதி ஒழுங்கோடு சேர்ந்தே நின்றது. அதை அவர் மறைக்கவுமில்லை. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் 1930ஐ ஒட்டிய வருடங்களில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் பாதிரிமார் அல்லர். 1950களில் அந்தப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்திலேயே பௌத்த பாடசாலைகள் திறக்கப்பட்டன. சைவத்தைக் காக்க எழுந்த பாடசாலைகள் சைவர்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திவைத்திருந்ததை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அவர் இறந்த அடுத்த வருடம் கேணல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தார். 1881 இல் பௌத்த வினாவிடை வெளியானது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1892 இல் சித்திலெப்பை முதலானோரின் முயற்சியில் கொழும்பில் முஸ்லிம்களுக்கான பாடசாலை, பின்னாளைய சாஹிராக் கல்லூரி. ஒவ்வொரு சமூகமும் மிஷனரிமாரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மிஷனரிமாரின் கருவியையே எடுத்தது. 1960, 61 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான பாடசாலைகளை அரசு எடுத்தபோதும் சமயபாடம் அந்தந்தச் சமயத்தவருக்கு என்றே நின்றுவிட்டது. சாதாரண தரம் வரை அது கட்டாயம்.

நான் படித்த பாடசாலையில் சமயபாட வேளைக்கு மணி அடித்தால் நாங்கள் வகுப்பில் இருப்போம். கத்தோலிக்கப் பிள்ளைகள் மரத்தடிக்குப் போவார்கள். ஒரே பதுங்குகுழிக்குள் ஒன்றாக இருந்தவர்கள் நாங்கள். அவர்களுடைய புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பதினொரு வருடமும் நான் திறந்து பார்த்ததில்லை, அவர்களும் என்னுடையதை. மன்னாருக்கும் வவுனியாவுக்கும் செய்திக்குப் போகும்போது பிள்ளைகளிடம் இதைக் கேட்பதுண்டு. இப்போதும் அப்படித்தான்.

தன் சமயத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் உரிமைக்காக நாவலர் போராடினார். அது தேவையான போராட்டம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவரிடம் இருந்த இன்னொன்று அவர் பெயரால் நடக்கும் எந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் வரவில்லை. பேர்சிவலின் மேசையில் அவர் கற்றது அது. வேதாகமத்தையும் சைவ வினாவிடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கக்கூடிய ஆசிரியர் ஒருவர் இன்று வந்தால், நம் பாடசாலை நேரசூசியில் அவருக்கு ஒரு பாடவேளை கிடையாது.