மாத்தளை கண்ட மாவீரர் புரன் அப்பு

தலயாத்திரை செல்வது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. கதிர்காமத்துக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் கால்நடையாகச் சென்று மீண்ட முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். ஆயினும் நாம் நாடோறும் நடமாடும் மாத்தளை மாவட்டத்திலேயே, உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் தேடிவந்து காணும் தலங்கள் உள்ளன என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சீகிரியாக் குன்று 1982ஆம் ஆண்டிலும், தம்புள்ளைக் குகைக் கோயில் 1991ஆம் ஆண்டிலும் உலக மரபுரிமைத் தலங்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. கல்லையும் ஓவியத்தையும் கண்டு வியந்து திரும்புவது ஒருவகைப் பயணம். அந்தக் கற்களின் நடுவே வாழ்ந்து, போராடி, உயிர்விட்ட ஒரு மனிதரை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு செல்வது வேறுவகைப் பயணம். அத்தகைய ஒருவராகிய வீர புரன் அப்புவின் சரிதத்தை இம்மலர் வாயிலாக இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

புரன் அப்பு மலைநாட்டிற் பிறந்தவரல்லர். கொழும்புக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள மொறட்டுவையில் 1812ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. போர்த்துக்கேயர் கரையோரத்தில் விட்டுச் சென்ற பெயர்களுள் அதுவும் ஒன்று. இளமையிலேயே வீட்டை விட்டு நீங்கி, இரத்தினபுரியில் உறவினர் ஒருவரோடு சிலகாலம் தங்கி, பின்னர் ஊவாப் பகுதிகளில் அலைந்து திரிந்தார். அஞ்சா நெஞ்சும் உடல் வலிமையும் உடையவராய் வளர்ந்த அவர், அதிகாரிகளின் கண்ணில் உறுத்தும் முள்ளானார். அவரைப் பிடித்துத் தருவோர்க்கு அரசாங்கம் வெகுமதியும் அறிவித்தது. 1847ஆம் ஆண்டில் கண்டிக்கு அருகே ஹாரிஸ்பத்துவைப் பகுதியில் பண்டார மெனிக்கே என்னும் மங்கையை மணந்து, மலைநாட்டு மக்களுள் ஒருவரானார்.

அக்காலத்து மலைநாட்டின் நிலை யாது? 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் இறுதி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரைத் தொடர்புடைய நாயக்கர் குலத்தவர். அவர் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். 1818ஆம் ஆண்டில் ஊவாவிலும் வெல்லச்சையிலும் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. அதன்பின் காப்பிப் பயிர் மலைகளில் ஏறத் தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலங்களையெல்லாம் முடிக்குரியவை என்று ஆக்கிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்தும், விறகு பொறுக்கியும், மாடு மேய்த்தும் வந்த காடுகளுக்கு எந்தக் குடியானவனிடம் பத்திரம் இருந்தது? அந்நிலங்கள் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற மலிவு விலையில் துரைமாருக்கும் உத்தியோகத்தர்க்கும் கைமாறின.

1847ஆம் ஆண்டில் காப்பியின் விலை வீழ்ந்தது. அரசின் வருமானமும் குன்றியது. அவ்வாண்டிலேயே தேசாதிபதியாக வந்து சேர்ந்தவர் டொரிங்டன் பிரபு. அவரும் 1812ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் என்பது வியப்புக்குரியது. ஒருவர் இங்கிலாந்தின் முதல் மந்திரிக்கு உறவினராய் மாளிகையிற் பிறந்தவர். மற்றவர் மொறட்டுவைக் கடற்கரையிற் பிறந்தவர். ஒரே ஆண்டிற் பிறந்த இருவரின் வாழ்வும் மாத்தளையிலே மோதிக்கொண்டன.

வருமானக் குறையை நிரப்ப டொரிங்டன் கண்ட வழி, ஏழைகளின் மீது வரி விதிப்பதே. 1848ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும், வண்டிக்கும் வரி வந்தது. ஆண்மக்கள் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்ற சட்டமும் பிறந்தது. காட்டோரக் குடியானவனுக்குத் துப்பாக்கி பயிரைக் காப்பது. நாய் வீட்டைக் காப்பது. நிலத்தைப் பறித்த பின்னர் காவலுக்கும் வரி கேட்டால் மக்கள் பொறுப்பார்களா? யூலை 6ஆம் தேதி கண்டிக் கச்சேரியின் முன்னே பெருந்திரளாகக் கூடி முறையிட்டனர். முறையீட்டுக்குச் செவிசாய்ப்பார் இலர்.

இவ்வேளையிலே கொங்காலேகொட பண்டா என்பவர் தலைவராக முன்வந்தார். இவரும் கரைநாட்டவரே, பேலியகொடையிற் பிறந்தவர். யூலை மாத இறுதியில் தம்புள்ளைக் குகைக் கோயிலில், பெரிய தேரரின் ஆசியுடன் இவருக்கு அரசராக முடிசூட்டினர். நாயக்க மன்னரின் நினைவு மக்கள் உள்ளத்தினின்றும் நீங்காமையால், புதிய அரசரும் ஸ்ரீ விக்கிரம என்ற பெயரையே தாங்கினார். புரன் அப்பு படையை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

யூலை 28ஆம் தேதி அப்படை தம்புள்ளையிலிருந்து புறப்பட்டு, சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே உள்ள மாத்தளையை அடைந்தது. கண்டியைக் கைப்பற்றுவதே நோக்கம். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு, அங்கிருந்த வரிப் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. கடைகளும் தோட்டத்துக் கிட்டங்கிகளும் சூறையாடப்பட்டதையும் மறைக்காமற் கூறல் வேண்டும். கோபங்கொண்ட கூட்டம் எல்லை கடப்பது எக்காலத்தும் உள்ளது. அதே நாட்களில் குருநாகலிலும் மக்கள் எழுந்து, துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர்.

மறுநாளே கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கண்டியிலிருந்து விரைந்து வந்த ஆங்கிலப் படை, மாத்தளைக்கு அண்மையில் வாரியபொலவில் மக்களைச் சந்தித்தது. வேட்டைத் துப்பாக்கியும் கத்தியும் ஏந்தியவர்கள், பயிற்சி பெற்ற படையின் முன் எத்தனை நேரம் நிற்க முடியும்? கூட்டம் சிதறியது. ஆங்கிலேயர் தரப்பில் ஒரு படைவீரர்தானும் மாளவில்லை. இதிலிருந்தே அந்தக் கிளர்ச்சியின் ஆயுதபலம் எத்துணைச் சிறியது என்பதையும், அதற்கு அளிக்கப்பட்ட தண்டனை எத்துணைப் பெரியது என்பதையும் உணரலாம்.

புரன் அப்பு பிடிபட்டார். படை நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 1848 ஆகஸ்ட் 8ஆம் தேதி கண்டி போகம்பரையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. மரணத்தை எதிர்கொண்ட அவரது துணிவைப் பகைவரும் மெச்சினர். தம்மைப் போன்றவர் இன்னும் சிலர் இருந்திருப்பின் கண்டி நாட்டில் வெள்ளையர் எஞ்சியிரார் என்ற கருத்தில் அவர் இறுதியிற் பேசியதாக, தேசாதிபதியே இலண்டனுக்கு எழுதி அனுப்பினார். அதே ஆகஸ்டில் குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா செப்டெம்பர் மாதத்தில் எல்கடுவைப் பகுதியிற் பிடிபட்டு, கசையடிக்குப்பின் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1849ஆம் ஆண்டில் அங்கேயே மடிந்தார்.

அந்த உயிர்ப்பலி வீண்போகவில்லை. துறவியைச் சுட்ட செய்தி இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் எதிரொலித்தது. விசாரணைக் குழு அமைந்தது. 1850ஆம் ஆண்டில் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். வரிகளிற் பல கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் நிலைத்தபோதும், பிக்குமார்க்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

இத்தகைய கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிழக்கே பிலிப்பைன் தீவுகளை ஆண்ட ஸ்பானியரும் இவ்வாறே செய்தனர். அங்கே ஆண்மக்கள் ஆண்டுக்கு 40 நாட்கள் ஊதியமின்றி வேலை செய்யவேண்டியிருந்தது. 1884ஆம் ஆண்டில்தான் அது 15 நாட்களாகக் குறைந்தது. பணம் கட்டினால் விடுதலை என்ற விதியும் நம் வீதிச் சட்டத்தைப் போன்றதே. 1872ஆம் ஆண்டில் மணிலா நகரில் மூன்று கத்தோலிக்கக் குருமார் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுக்குத் தம் நூலொன்றைக் காணிக்கையாக்கிய ஹோசே ரிசால், தமது 20ஆம் வயதில், 1882ஆம் ஆண்டில், ஐரோப்பா செல்லும் வழியில் காலியிலும் கொழும்பிலும் கரையிறங்கி நம் நாட்டைக் கண்டு சென்றவர். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்திரேஸ் பொனிபாசியோவும் தோழர்களும் தங்கள் வரிச்சீட்டுகளைக் கிழித்தெறிந்து கிளர்ச்சியைத் தொடங்கினர். மாத்தளைக் கச்சேரியில் 48 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததும் அதுவே அன்றோ! ஆயுதக் கிளர்ச்சியை ஏற்காத ரிசாலையும் ஸ்பானியர் விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 30ஆம் தேதி, அவரும் 35ஆம் வயதிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று மணிலாவுக்குச் செல்லும் பிரயாணி, சந்தியாகோ கோட்டையில் ரிசால் சிறையிருந்த இடத்தைக் காண்கிறார். அங்கிருந்து கொலைக்களம் வரை அவர் நடந்த வழி, உலோகத்தால் வார்த்த காலடிகளாகப் பாதையிற் பதிக்கப்பட்டுள்ளது. அவர் வீழ்ந்த திடலின் அருகே, அவரது எலும்புகளின் மேல் எழுந்த நினைவுச் சின்னத்தைக் காவலர் இரவும் பகலும் காத்து நிற்கின்றனர். ஒரு மனிதரின் வாழ்வை நிலத்திலேயே எழுதி வைத்துவிட்டனர் அந்நாட்டவர். நமது பாதையில் உலோகக் காலடிகள் இல்லை. ஆனால் பாதை இருக்கிறது.

இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளில் அப்பாதையிற் செல்க. தம்புள்ளையில் தொடங்குக. அங்குள்ள ஐந்து குகைகளில் புத்தர் பெருமானோடு திருமாலின் திருவுருவமும் இருப்பதைக் கண்டு வணங்குக. தெற்கே வந்தால் நாலந்தாவில் கெடிகே என்னும் கற்கோயில் உண்டு. பல்லவர் கோயில்களை நினைவூட்டும் திராவிடச் சிற்பமுறையில் அமைந்தது. போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதபடி கல் கல்லாகப் பெயர்த்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். மாத்தளைக்குச் சற்று வடக்கே அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற புண்ணியத் தலம். அதன் நூல்நிலையம் 1848ஆம் ஆண்டின் அடக்குமுறையில் அழிந்தது. பின்னர் மாத்தளை நகரில், அவ்வாண்டு வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தின்முன் சிறிது நேரம் நிற்க.

இந்தப் பாதை நமக்கு வேறொரு வகையிலும் உரியது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காட்டு வழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, மாத்தளையை அடைந்தே தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். புரன் அப்பு படை நடத்திய அதே ஆண்டுகளில், அதே வீதியில், அவர்களின் கால்களும் நடந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடையின் வழிவந்தது.

நிலமிழந்த சிங்களக் குடியானவரும், நிலமின்றிக் கடல்கடந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே காப்பிக் கணக்கின் இரு பக்கங்கள். ஒருவரது காடு பறிபோனது. மற்றவரது உழைப்பு பறிபோனது. இலாபம் மூன்றாமவர் கைக்குச் சென்றது. இதை உணராமையால் விளைந்த துன்பம் சிறிதன்று. கிளர்ச்சி நிகழ்ந்து சரியாக நூறு ஆண்டுகளுக்குப்பின், 1948ஆம் ஆண்டில் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றிய பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்த அநீதியை முற்றாகத் துடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. 1983ஆம் ஆண்டின் தீயிலே நமது அம்பாள் ஆலயமும் சேதமுற்றது. அதன்பின்னும் 108 அடி உயர இராஜகோபுரம் எழுந்து நிற்கிறது.

ஆகவே புரன் அப்பு எவருடைய வீரர் என்ற கேள்விக்கு நாம் கூறும் விடை இது. அவர் கரைநாட்டவர், மலைநாட்டு மக்கள் அவரைப் பிறத்தியார் என்று தள்ளவில்லை. துன்பத்திற் பங்குகொண்டவரைத் தம்மவர் என்றே ஏற்றனர். பிறந்த ஊரைப் பாராது, உடன் நின்றவரை உரியவராக்கிய அந்தப் பெருமனமே 1848ஆம் ஆண்டு நமக்கு விட்டுச்சென்ற சிறந்த முதுசொம். அதை அவர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவரைப் போற்றும் கடமையும் நமக்கு உண்டு.

1978ஆம் ஆண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்கள் புரன் அப்புவின் கதையைத் திரைப்படமாக்கினார். நமது இளைஞர் அப்படத்தைக் காண்பதோடு அமையாது, சிங்கள நண்பர்களையும் உடன் அழைத்துக்கொண்டு அவ்வீதியிற் பயணம் செய்தல் வேண்டும். தம்புள்ளையில் அவர்கள் நமக்கு வழிகாட்டட்டும். மாத்தளைக் கோபுரவாயிலில் நாம் அவர்களுக்கு வழிகாட்டுவோம். இரு சாராரின் முன்னோரும் நடந்த பாதை ஒன்றே என்பதை இரு சாராரும் அறியுமாறு அன்னை முத்துமாரி அருள்புரிவாளாக.