ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கில்... படகில் இரண்டே பேர்! - டெட் வில்லியம்ஸின் இன்னொரு ஆட்டம்

பேஸ்பால் பார்த்ததே இல்லையா? பரவாயில்லை பாஸ். டெட் வில்லியம்ஸ் யார்னு புரிய ஒரே ஒரு நாள் போதும்.

1941, செப்டம்பர் 28. சீசனின் கடைசி நாள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் ஆடிய வில்லியம்ஸுக்கு அப்போது 23 வயசு. அன்று காலை அவருடைய பேட்டிங் சராசரி .39955. ரவுண்ட் பண்ணினால் .400. பேஸ்பாலில் பத்துக்கு மூணு முறை ஹிட் அடித்தாலே நல்ல பேட்ஸ்மேன். பத்துக்கு நாலு என்பது கனவு. அன்னிக்கு அவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்தக் கனவு கைக்கு வந்திருக்கும். ஆனால், உட்காரலை. அன்று நடந்த இரண்டு மேட்சிலும் ஆடினார். எட்டு முறையில் ஆறு ஹிட். சராசரி .406. அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலுமே இன்றுவரை யாரும் ஒரு முழு சீசனில் .400-ஐத் தொடவில்லை.

அப்படிப்பட்டவரை ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்னுதானே நினைக்கிறீங்க? பாதிதான் உண்மை. பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு கேட்ச் விட்டால் ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள். அது அவருக்கு அப்படியே நெஞ்சில் தங்கிவிடும். 1956-ல் கோபம் தலைக்கேறி கூட்டத்தைப் பார்த்துத் துப்பினார். அபராதம் 5,000 டாலர். ஹோம் ரன் அடித்தால் தொப்பியைத் தொட்டு ரசிகர்களுக்கு நன்றி சொல்வது அந்த ஆட்டத்தின் வழக்கம். வில்லியம்ஸ் அதையும் செய்ய மாட்டார்.

சரி, இவ்வளவு சூட்டோடு இருந்த மனுஷன் எங்கே போய் மூச்சு விட்டார்?

முழங்கால் ஆழத்தில் ஒரு மைதானம்

அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடா மாநிலத்தின் வால் மாதிரி நீளும் குட்டித் தீவுகளுக்கு ஃப்ளோரிடா கீஸ் என்று பெயர். அதில் ஒரு தீவு ஊர் இஸ்லமொராடா. சுத்திலும் கடல்தான். ஆனால், பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அடியில் மணலும் கடற்புல்லும் கண்ணாடி மாதிரி தெரியும். வில்லியம்ஸ் அங்கேயே வீடு வாங்கினார்.

அங்கே அவர் ஆடிய ஆட்டம் ஃப்ளை ஃபிஷிங். புழுவோ இறாலோ மாட்டுகிற நம்ம ஊர் தூண்டில் இல்லை இது. முள்ளில் இறகும் முடியும் நூலும் வைத்துக் கட்டி, குட்டி இறால் மாதிரியோ சின்ன மீன் மாதிரியோ ஒரு போலி இரை செய்வார்கள். அதற்கு எடையே இருக்காது. அதனால் கனமான தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில்தான் இரையை அனுப்ப வேண்டும். வில்லியம்ஸ் அந்தப் போலி இரைகளைத் தன் கையாலேயே கட்டுவார்.

இதில் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். அவர்தான் கைடு. படகின் பின்பக்கம் நின்று, நீளமான கழியைத் தரையில் ஊன்றி, சத்தமில்லாமல் தள்ளுவார். மோட்டார் போட்டால் மீன் ஓடிவிடும். தூண்டில்காரர் முன்பக்கம் நிற்பார். மீன் எந்தத் திசையில், எத்தனை அடியில் என்று கைடு சொல்வதைக் கடிகார முள் மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். படகின் மூக்கு 12 மணி. வலது பக்கம் 3 மணி. 11 மணியில் 40 அடி என்று காதில் விழுந்த சில நொடிகளில் இரை அங்கே இறங்க வேண்டும். மீனின் தலையிலேயே விழுந்தால் காலி. ரொம்பத் தள்ளி விழுந்தாலும் வேஸ்ட்.

வில்லியம்ஸின் கைடு, ஜிம்மி ஆல்பிரைட். அந்தக் காலத்து கீஸில் பெரிய பெயர். அவர் மனைவி ஃப்ராங்கீயும் கைடுதான். பந்து வரும் வேகத்தைக் கூர்மையாகக் கணிக்கும் கண் வில்லியம்ஸுக்கு உண்டு. ஆனாலும் வெள்ளி நிறத்தில் தண்ணீரோடு தண்ணீராக மறையும் போன்ஃபிஷைக் கண்டுபிடிக்க, அலையேற்றமும் இறக்கமும் மனப்பாடமான ஆல்பிரைட்டின் கண்ணும் தேவைப்பட்டது. வில்லியம்ஸின் வாய் படகிலும் சும்மா இருக்காது. ஆனால், இங்கே கூச்சல் போட கூட்டம் இல்லை. தப்பு செய்தால் மீன் போய்விடும், அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் வராது.

போரும் ஒரு பிறந்தநாளும்

அவருடைய நல்ல வயசைப் போர் தின்றது. 1943 முதல் 1945 வரை மூன்று சீசன் இரண்டாம் உலகப் போருக்குப் போனது. 1952, 1953-ல் பெரும்பகுதி கொரியப் போருக்கு. அங்கே போர் விமானியாக 39 முறை பறந்தார். 1953 பிப்ரவரியில் குண்டடி பட்டுத் தீப்பிடித்த விமானத்தைச் சக்கரம் இல்லாமல் தரையில் தேய்த்து இறக்கி, உயிர் தப்பினார். திரும்பி வந்து மறுபடியும் பேட் பிடித்தார். அவருக்கு அந்த அமைதியான தண்ணீர் ஏன் தேவைப்பட்டது என்று இப்போ புரியுதுல்ல?

ஆனால், அந்த அமைதிக்கும் ஒரு விலை இருந்தது. 1948 ஜனவரியில் பாஸ்டனில் அவருக்கு முதல் பெண் குழந்தை பிறந்தபோது, வில்லியம்ஸ் ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை எதிர்பார்த்ததைவிட முன்பே பிறந்துவிட்டது என்பது உண்மை. பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தன என்பதும் உண்மை. மூன்று திருமணம், மூன்று விவாகரத்து. மீனுக்காக மணிக்கணக்கில் பொறுமையாக நிற்கத் தெரிந்தவருக்கு, அந்தப் பொறுமையை வீட்டுக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. நமக்குப் பிடித்த ஒன்று நம்மைக் காப்பாத்தும்போதே, வேறு யாரையோ காக்க வைக்கவும் செய்யும். இது அவருக்கு மட்டுமான கதை இல்லையே!

இரண்டாவது இன்னிங்ஸ்

1960-ல், தன் கடைசி பேட்டிங்கில் 521-வது ஹோம் ரன் அடித்துவிட்டு வெளியே வந்தார். அப்போதும் தொப்பியைத் தொடவில்லை. அதற்குப் பிறகும் மீன்பிடி ஆசை அவரை விடவில்லை. வேனல் காலத்தில் கனடாவின் மிராமிச்சி ஆற்றில் அட்லாண்டிக் சால்மன். மற்ற நாட்களில் கீஸில் போன்ஃபிஷ், கூடவே ஆள் உயரத்துக்கு வளர்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளும் டார்பன். இந்த மூன்றைப் பற்றியே 1982-ல் ஜான் அண்டர்வுட்டுடன் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் 1966-ல் இடம்பிடித்தவர், பின்னாளில் மீன்பிடி ஹால் ஆஃப் ஃபேமிலும் நுழைந்தார்.

1991-ல் பாஸ்டன் மைதானத்தில் அவருக்கு ஒரு விழா. ரசிகர்கள் முன்னால் ஒரு தொப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினார் வில்லியம்ஸ். அப்போது அவருக்கு 72 வயசு. 2002 ஜூலை 5-ல், 83 வயதில் ஃப்ளோரிடாவிலேயே இறந்தார்.

லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு இன்று போனால், அதே ஆட்டம் ரெட்ஃபிஷுக்காக நடக்கிறது. வாலருகே கறுப்புப் பொட்டு வைத்த செம்பு நிற மீன் அது. பின்னால் கழியோடு கைடு, முன்னால் தூண்டிலோடு ஒருவர். தடிமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க உலகம் முழுக்க தூண்டில்காரர்கள் ஒரு முடிச்சு போடுகிறார்கள். அதற்குப் பெயர் ஆல்பிரைட் முடிச்சு. பின்பக்கம் நின்று படகைத் தள்ளிய அதே ஜிம்மி ஆல்பிரைட்தான்!