லலிதா தேர்ந்த துறை

நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் எமது பாடசாலையின் மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கத்தினர் கேட்டபோது, வைத்தியர் என்ற முறையில் இரத்தச்சோகை பற்றியோ நீரிழிவு பற்றியோ நாம் எழுதுவோம் என்று எண்ணியிருப்பார்கள். அவற்றை எழுத வேறு இடங்கள் உண்டு. இம்மலரைக் கையில் எடுக்கும் பதினாறு, பதினேழு வயதுத் தங்கைகளை நினைத்து, பொறியியல் படித்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதத் துணிந்தோம்.

அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்த பின்னர், பதுளை, பசறை, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எம்மிடம் வருவார்கள். பிள்ளை கணிதத்தில் 'ஏ' எடுத்திருக்கும். ஆனாலும் உயிரியல் பிரிவில்தான் சேர்க்க வேண்டும் என்பார்கள். பொறியியல் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் இன்னும் லயத்திலும் இருக்கிறது, நகரத்திலும் இருக்கிறது. அந்தத் தாய்மாருக்கு நாம் சொல்லும் கதை ஏ. லலிதாவின் கதை.

அய்யலசோமயாஜுல லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் திகதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவர் ஐந்தாமவர். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆண் பிள்ளைகளைப் பொறியியலாளர்களாக்கிய அக்குடும்பமும், பெண் பிள்ளைகள் விடயத்தில் அக்கால வழக்கத்தையே பின்பற்றியது. பதினைந்து வயதில் லலிதாவுக்குத் திருமணம் நடந்தது. ஆயினும் படிப்பை நிறுத்தக்கூடாது என்பதில் தந்தை உறுதியாக இருந்ததால், மணமான பின்னரும் பத்தாம் வகுப்பு வரை அவர் படித்தார்.

1937இல் சியாமளா என்ற மகள் பிறந்தாள். குழந்தை பிறந்து நான்கு மாதங்களில் கணவர் இறந்துபோனார். அப்போது லலிதாவுக்குப் பதினெட்டு வயது. அந்நாளில் அத்தகைய குடும்பங்களில் விதவைப் பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதை எமது பாட்டிமார் நன்கறிவார்கள். நல்ல காரியங்களில் முன்னே வரக்கூடாது, ஒரு மூலையில் ஒதுங்கி இருக்க வேண்டும், மற்றவர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும். லலிதா தந்தையின் வீட்டுக்குத் திரும்பினார். தன் சொந்தக் காலில் நிற்பது என்று முடிவு செய்து, சென்னை இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்நாளில் கெட்டிக்காரப் பெண்ணுக்கு முன்னே இருந்த மதிப்பான வழி வைத்தியம். சென்னையில் பெண் வைத்தியர்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் வைத்தியத் தொழிலுக்கு நேரம் காலம் கிடையாது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் ஒரு தொழில் லலிதாவுக்குத் தேவைப்பட்டது. அதனால் வைத்தியத்தை விட்டுப் பொறியியலை நினைத்தார். இரவுக் கடமைக்குப் புறப்படும் வேளையில் வாசலில் நின்று அழுத எமது பிள்ளைகளை நினைக்கும்போது, இந்த இடம் எமக்கு நன்றாக விளங்குகிறது.

கிண்டிக் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கியும் ஒரு பெண்ணை அது சேர்த்ததில்லை. சுப்பாராவ், கல்லூரி அதிபர் கே.சி. சாக்கோவிடம் மகளுக்காகப் பேசினார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த ஸ்டேதமின் அனுமதியும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக லலிதா மின்பொறியியல் வகுப்பில் போய் அமர்ந்தார்.

பலர் கேட்கும் கேள்வி, ஏன் மின்பொறியியல் என்பது. தந்தை கற்பித்த துறை அது. வீட்டிலே நாள்தோறும் காதில் விழுந்த பேச்சும் அதுவே. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருந்தது. அதோடு காலமும் அத்துறைக்குச் சாதகமாக இருந்தது. மின்சாரம் நகரங்களிலிருந்து நாடெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. எமது மலைநாட்டையே எடுத்துக்கொண்டால், நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுக் கட்டுரை படைத்திருந்தார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அந்த இரு ஆண்டுகளுக்கும் இடையில்தான் லலிதா மின்பொறியியல் படித்தார்.

படிப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை என்று சொல்வது பணத்தை நினைத்தல்ல. லலிதா விடுதியில் தங்க, குழந்தை உறவினரிடம் வளர்ந்தது. வார இறுதியில்தான் தாய் மகளைக் காண்பார். விடுதித் தனிமை அவரை வாட்டியது. அதைக் கண்ட தந்தை, மற்றப் பெண்களையும் சேர்க்குமாறு கல்லூரியைத் தூண்டினார். கல்லூரியும் பெண்களிடமிருந்து விண்ணப்பம் கோரியது. கேரளத்தைச் சேர்ந்த பி.கே. திரேசியா, லீலாம்மா ஜோர்ஜ் என்ற இருவர் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தேர்ந்தது குடிசார் பொறியியல். உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டதால், மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்று வெளியேறினார்கள். பெண்ணுக்கு அத்தகைய சான்றிதழ் வழங்கிப் பழக்கமில்லாததால், அச்சிட்ட தாளில் ஆணைக் குறிக்கும் சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜமால்பூர் ரயில் பட்டறையில் பயிற்சி முடித்து, 1944இல் சிம்லாவில் இருந்த மத்திய தர நிர்ணய அமைப்பில் லலிதா பணியில் சேர்ந்தார். அண்ணன் வீட்டில் தங்க முடிந்ததால் மகளையும் உடன் வைத்துக்கொள்ள இயன்றது. அங்கிருந்தபடியே இலண்டன் மின்பொறியியலாளர் நிறுவனத்தின் பரீட்சையையும் எழுதினார். பின்னர் சில காலம் சென்னையில் தந்தையின் ஆராய்ச்சிக்குத் துணையாக இருந்தார். மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு முதலியன அந்த ஆராய்ச்சியில் அடங்கும். அதில் ஈடுபாடு இருந்தபோதிலும் நிலையான வருமானம் வேண்டியிருந்தது.

1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் ஒரு சகோதரர் வீடு இருந்தது. மின்கடத்து பாதைகளை வடிவமைப்பது, துணைமின் நிலையங்களின் அமைப்பைத் திட்டமிடுவது, ஒப்பந்த வேலைகளை நிறைவேற்றுவது என்று வேலை விரிந்தது. சட்லெஜ் ஆற்றில் எழுந்த பக்ரா நங்கல் அணையின் மின்பிறப்பாக்கி வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1977இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே பணியாற்றினார்.

இலண்டன் மின்பொறியியலாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964இல் நியூயோர்க்கில் பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் அவ்வமைப்புக்குக் கிளை இல்லாததால் தனிப்பட்ட முறையிலேயே அதில் கலந்துகொண்டார். ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டுகளில், 1979 ஒக்டோபர் 12ஆம் திகதி, தமது அறுபதாவது வயதில் மூளை இரத்தக் குழாய் நோயினால் காலமானார்.

இக்கதையைக் கேட்ட சில தாய்மார், நேரத்தோடு வீட்டுக்கு வரக்கூடிய வேலையைத்தானே அந்த அம்மாவும் தேடினார் என்பார்கள். அது உண்மை. அவர் வீட்டு நிலைமையை மறைக்கவில்லை, அதைக் கணக்கில் எடுத்தே முடிவு செய்தார். ஆனால் கூடப்படித்த திரேசியா வேறு வழியில் சென்றார். பொதுப்பணித் துறையில் வீதி, பாலம், கட்டடம் என்று வேலைத்தளங்களிலேயே அலைந்து, 1971இல் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியியலாளரானார். மேசை வேலையும் வெளிக்கள வேலையும் பெண்களால் முடியும் என்பதை ஒரே கல்லூரியில் ஒன்றாகப் பட்டம் பெற்ற இருவர் காட்டினார்கள். எமது நாட்டிலும் பிரேமளா சிவசேகரம் 1960களில் குடிசார் பொறியியல் கற்று இலங்கையின் முதற் பெண் பொறியியலாளரானார்.

தங்கைகளே, எமது ஊரைச் சற்றுப் பாருங்கள். தெமோதரையில் ரயில் பாதை தன் அடியிலேயே புகுந்து வருகிறதே, அது குடிசார் பொறியியல். தேயிலைத் தொழிற்சாலையில் உருளும் இயந்திரம் பொறிமுறைப் பொறியியல். உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாற் மின்சாரம் தருகிறது. ஆனால் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மலையையும் நிலத்தடி நீரையும் அறிந்த பொறியியலாளர் இந்த மண்ணிலிருந்தே வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? தொழிற்சாலையில் விளக்கு எரிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் லயத்து அறைக்கு மின்சாரம் வந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

துறையைத் தேர்வது பல்கலைக்கழகத்தில் தொடங்குவதில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்தால்தான் பொறியியல் பீடத்தின் கதவு திறக்கும். தொழினுட்பப் பிரிவு வேறொரு பட்டத்துக்குக் கொண்டுசெல்லும், இரண்டும் ஒன்றல்ல. மொறட்டுவையிலும் பேராதனையிலும் முதலில் எல்லோரும் பொதுவாகப் படித்து, அங்கே பெறும் புள்ளிகளின்படியே துறை கிடைக்கும். எனவே எந்தத் துறை என்ற கவலையால் இன்றே உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதுளையும் மொனராகலையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுவதால் தனி ஒதுக்கீடும் உண்டு. அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்க எமது தோட்டத்துப் பெண் பிள்ளைகள் கணித வகுப்பில் இருக்க வேண்டும்.

நாம் வைத்தியத்தைத் தேர்ந்ததில் எமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்று எமக்கு வேறு வழி உண்டென்று எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. லலிதாவுக்குத் தந்தை கேட்டுக் கொடுத்தார். தகப்பன் மலையிலும் தாய் கொழுந்திலும் நிற்கும் பிள்ளைக்கு யார் கேட்டுக் கொடுப்பது? நூறு ஆண்டு கண்ட சங்கத்தின் பழைய மாணவிகளாகிய நாம்தான். அடுத்த முறை ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால், முதலில் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்போம்.