இரகுநாத நாயக்கரும் இராஜகோபால பீரங்கியும்

தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர்களுள் கல்வியாலும் வீரத்தாலும் பெரும்புகழ் எய்தியவர் இரகுநாத நாயக்கர். அவருடைய சரித்திரத்தைப் புலவர் பலர் காவியமாகச் செய்துள்ளனர். அதனை நாம் இங்கே மீண்டும் கூறப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் காலத்ததாகக் கூறப்படும் இராஜகோபாலம் என்னும் பெரும் பீரங்கி, தஞ்சைக் கோட்டையின் கீழ்ப்புறத்தே பீரங்கி மேட்டில் இன்றும் இருக்கின்றது. மன்னர் பெயரை நாடறியும். அதனை அடித்துச் சமைத்த கொல்லர் பெயரை அறிவார் ஒருவருமிலர். ஆதலின் மன்னர் வாழ்வையும் நம் முன்னோர் தொழில் நுட்பத்தையும் நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் ஒருங்கே அறிதல் நலமெனக் கருதுகின்றோம்.

இரகுநாதர், அச்சுதப்ப நாயக்கருக்கு மைந்தராய்த் தோன்றியவர். 1600-ம் ஆண்டில் தந்தையாருடன் அரசியற் பொறுப்பை ஏற்றார். தந்தைக்கும் மைந்தருக்கும் அமைச்சராய் விளங்கியவர் கோவிந்த தீட்சிதர். இரகுநாதர் தெலுங்கில் இராமாயணம் இயற்றியவர், வீணையில் வல்லவர். அவர் சபையில் இராமபத்ராம்பை, மதுரவாணி முதலிய பெண்பாற் புலவரும் சிறந்திருந்தனர். குடந்தை இராமசாமி கோயில் அவருடைய திருப்பணியாம்.

கலை வளர்த்த இம்மன்னருக்குப் போரும் விதித்திருந்தது. 1614-ம் ஆண்டில் விஜயநகரப் பேரரசர் குடும்பத்தை ஜக்கராயன் என்பான் படுகொலை செய்தான். அக்கொலையினின்று உயிர் தப்பிய இளவரசர் இராமதேவரை யாசம நாயக்கர் காத்துத் தெற்கே கொணர்ந்தார். மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம் நின்றனர். இரகுநாதர் ஒருவரே இளவரசர் பக்கம் நின்றார். கல்லணைக்கு அணித்தாகிய தோப்பூரில் 1616-17-ல் நிகழ்ந்த பெரும்போரில் ஜக்கராயன் மாண்டான், வெற்றி தஞ்சைக்காயிற்று. பின்னர் 1620-ம் ஆண்டு நவம்பரில் டென்மார்க்கு நாட்டாருடன் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் அவர்கள் கோட்டை கட்டிக்கொள்ள இரகுநாதர் இடந்தந்தார். கடல் வழியே பறங்கியரும் நில வழியே பகைவரும் சூழ்ந்திருந்த அக்காலத்தில், கோட்டைக்குப் பீரங்கி இன்றியமையாததாயிற்று.

இராஜகோபாலத்தின் நீளம் ஏறத்தாழ 25 அடி. அதன் வாயின் உள்ளகலம் ஏறத்தாழ 2 அடி. இஃது உருக்கி வார்த்ததன்று. நம் நாட்டு உலைகள் பெரும்பாலும் இரும்பை நீராக உருக்கியன அல்ல. பழுக்கக் காய்ச்சி அடிக்கத்தக்க கட்டியாகவே தந்தன. ஆதலின் நம் கொல்லர் நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாகச் சேர்த்து நிறுத்தி, அவற்றின் புறத்தே வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சி ஏற்றி, அடித்து ஒட்டினர். வளையம் சூட்டில் விரியும். ஆறும்போது சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுகப் பற்றும். கட்டை வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். சிறிது தளர்ந்தால் பட்டை கழன்றுவிடும். மிக இறுகினால் மரம் பிளக்கும். அந்த அளவைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவனே கொல்லன்.

பொருத்தில் இத்துணைக் கருத்து ஏனெனின், மருந்து பற்றியவுடன் எழும் ஆவி குண்டைத் தள்ளுவதோடு அமையாது. எங்கே இடுக்குண்டோ அங்கே வழி தேடும். வளையமிட்டுச் செய்த பீரங்கி வெடித்து, அருகே நின்ற ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1460-ம் ஆண்டில் மாண்டார். எடின்பரோக் கோட்டையிலுள்ள மான்ஸ் மெக் என்னும் பெயர் பெற்ற பீரங்கியும் பிற்காலத்தில் குழல் பிளந்தது. அரசனாயினும் ஆளாயினும், பீரங்கியின் அருகே நிற்பவன் உயிர் கொல்லனுடைய பொருத்தில் தங்கியிருந்தது.

இக்காலத் துப்பாக்கிக்கும் இவ்விதியே. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் பலவற்றில், குழலிலுள்ள சிறு துளை வழியே ஆவியில் ஒரு பகுதி வெளிவரும். அதனை ஏற்கும் இரும்புக் கட்டை குழலின்மேல் அசையாது பொருந்த வேண்டும். அது நழுவினால் ஆவி வீணே கசியும். துப்பாக்கி இடையில் நின்றுபோம். 1966-ல் தோன்றிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் இத்தகைய வேலை அளவுகோலும் சோதனையும் கொண்டு நடைபெறுகின்றது. உரிமமின்றி வீட்டில் துப்பாக்கி செய்வதை 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கின்றது. பொருத்துப் பிழைத்தால் முதலில் கேடுறுவோன் அதனைப் பிடித்தவனே ஆதலின், அத்தடை அறிவுடையதே.

இரகுநாதர் பெயரோடு சேர்ந்த மற்றொரு பொருளும் நம் குலத்தார் கைவண்ணமே. இருபத்துநான்கு மெட்டுக்களும் நிலையாக அமைந்த தஞ்சாவூர் வீணை அவர் காலத்தில் உருப்பெற்றதென்பது மரபு. அங்கே இரும்பு வளையத்திற்கு ஈடாக நிற்பது மெழுகு. மெட்டு மயிரிழை விலகினாலும் சுரம் கெடும். ஒரு மன்னர்க்குப் போர்க்கருவியையும் இசைக்கருவியையும் ஆக்கித் தந்த கைகள் ஒரே பாடத்தைக் கற்றிருந்தன: பொருத்து நிலைத்தால் பொருள் நிலைக்கும்.

இரகுநாதர் 1634-ம் ஆண்டளவில் மறைந்தார். அவர் மைந்தர் விஜயராகவர் 1673-ல் மதுரைப் படையோடு பொருது மடிய, தஞ்சை நாயக்கர் ஆட்சியும் முடிந்தது. பீரங்கியின் கட்டு நெகிழவில்லை. அரசின் கட்டே நெகிழ்ந்தது. வெயிலிலும் மழையிலும் ஏறத்தாழ நானூறு ஆண்டு கிடந்தும் அவ்விரும்பு அழியாதிருத்தல் காண்போர்க்கு வியப்பளிக்கும்.

அன்பர்களே! மன்னரைப் பாடப் புலவர் இருந்தனர். கொல்லரைப் பற்றி எழுதுவார் இல்லாது போயினர். டயர் வண்டி வந்தபின் சக்கரத்திற்குப் பட்டை ஏற்றும் உலைகளும் அருகிவிட்டன. அத்தொழிலறிந்த முதியோர் நம் வீடுகளில் இன்னும் சிலர் உளர். இளைஞர் அவர்களிடம் சென்று, அவர்கள் பெயரையும் ஊரையும் தொழில் முறையையும் கேட்டு எழுதிவைப்பாராக. பெயரின்றிப் போன முன்னோர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாம்.